பழைய ரூட்டரும் 2142 என்ற எண்ணும்

"புரட்டாசி, புதன்கிழமை, காலை நாஷ்டாவுக்குப் பிறகு. ரூட்டர் எழுந்தது. விசிறி ஓடுகிறது. திரையில் ஒரே பிழைச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: கோப்பைத் திறக்க முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது. முகவரி 255.255.255.255. காரணம் தெரியவில்லை. மழை இல்லை."

என் நாட்குறிப்பில் உள்ள பதிவு இது. மழை உண்டா இல்லையா என்று எழுதுவது டைம் ஆபீஸ் பழக்கம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஆட்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பதிவு செய்யும் வேலை பார்த்தேன். மழை பெய்த நாளில் கவரைப்பேட்டை பக்கத்திலிருந்து வரும் பஸ் தாமதமாகும். பாதி ஷிஃப்ட் தாமதமாகும். மாதக் கடைசியில் மேலே இருந்து கேட்பார்கள். அப்போது காட்ட ஒரு காரணம் வேண்டும். அதனால் மழையை எழுதிவைப்போம். கம்பெனி போன பிறகும் கை அதைத் தானாக எழுதுகிறது.

கம்பெனி சித்திரையில் மூடப்பட்டது. வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள். படித்துவிட்டு, கவரைப்பேட்டை பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆரணிக்கு வழக்கமான பஸ்ஸில் திரும்பினேன். அன்று என்ன நினைத்தேன் என்று நாட்குறிப்பில் தேடிப் பார்த்தேன். "தாள் ஒட்டப்பட்டது. மழை இல்லை" என்று மட்டும் இருக்கிறது.

அதன் பிறகு தொழிற்பேட்டையில் பல இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்கிருந்தும் பதில் இல்லை. காலையில் முதல் ஷிஃப்டுக்கு எழுந்திருக்கும் நேரத்துக்கே எழுந்துகொண்டிருந்தேன். குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மனைவி ஊர்ப் பள்ளியின் சத்துணவு மையத்தில் சமைக்கிறாள். அவள் கிளம்பிப் போனதும் நூலகத்துக்குப் போவேன். வரலாறு, பயணக் குறிப்பு, கல்வெட்டு ஆராய்ச்சி என்று எதையும் படிப்பவன் நான். அந்த மாதங்களில் பக்கங்களைப் புரட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆவணியில் ஒரு அழைப்பு வந்தது. எங்கள் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் ஃபோன் செய்து, அதே தொழிற்பேட்டையில் இன்னொரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கும் ஆள் தீபாவளிக்கு முன் விலகுகிறார் என்று சொன்னார். வருகைப் பதிவு மெஷின்களையும் நெட்வொர்க்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வயது பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு ரூட்டரை முன்னால் வைத்து, எழுப்பிக் காட்டு என்று டெஸ்ட் வைப்பார்கள். அந்த முதலாளி எதையும் விஜயதசமி அன்றுதான் தொடங்குவார், டெஸ்டும் அன்றுதான்.

எனக்கு ரூட்டரோடு இருந்த உறவு இவ்வளவுதான்: கேட், எடைமேடை, அலுவலகம் என்று கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் அந்தப் பெட்டி டைம் ஆபீஸில் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. மீதி எல்லாம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து செய்வார். இந்த வேலை கிடைக்காவிட்டால் வேறு அழைப்பு இல்லை என்பது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஃபோனில் இலவசப் பாடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் போதாது, கையால் செய்யவேண்டும் என்று பாடத்திலேயே சொன்னார்கள். பழைய ரூட்டர் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துப் பழகுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் பழைய சாமான் கிடங்கு ஒன்று உண்டு. கடைக்காரர் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். மோட்டார் சுருள்களுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே ரூட்டர்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன.

"இன்னா நைனா, இன்னா தேடற?"

"இது ஓடுமா?"

"ஓடுமா ஓடாதானு நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்? ஒயரு சொருவுனா லைட்டு எரியுது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"எந்தக் கம்பெனி சரக்கு?"

"ஏன், பொண்ணு குடுக்கப் போறியா? நாலு கம்பெனி சரக்கு ஒண்ணா வந்து எறங்குச்சு. நான் வெயிட்டுக்கு எடுத்தேன், வெயிட்டுக்குக் குடுக்கறேன். டப்பு குடுத்துட்டு தூக்கிக்கினு போ."

இரும்புத் தராசில், நட்டு போல்ட்டு நிறுக்கும் தட்டிலேயே வைத்து நிறுத்தார். மூடியின் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன. ஏதோ ஒரு கம்பெனியின் கடைசி ஆயுத பூஜை. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன். முழுவதும் போகவில்லை.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது. அவள் கல்யாணமாகிப் போகும்போது எடுத்துக்கொண்டு போகவில்லை. சென்னைக்குப் போய் ஒரு நீல நிற கேபிள் வாங்கிவந்தேன். லேப்டாப்பின் திரையில் ரூட்டர் பேசுவதைப் பார்க்க அது வேண்டும். கேபிளை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றியது. திரையில் எழுத்துகள் வந்தன. அதன் பிறகுதான் நான் மேலே காட்டிய பதிவை எழுதினேன்.

முதலில் என் கண்ணில் பட்டது பிழைச் செய்தி அல்ல, தேதி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மார்ச் 1 என்று இருந்தது. ஆண்டைக் கேட்கும் கட்டளையைப் போட்டால் 1993, திங்கட்கிழமை என்றது. நாள்காட்டியைச் சரிபார்த்தேன், அந்த மார்ச் 1 திங்கட்கிழமைதான். தேதிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. படித்துப் பார்த்ததில், இந்த வகைப் பழைய பெட்டிகள் அணைந்திருக்கும்போது நேரத்தை வைத்துக்கொள்வதில்லை, எழுப்பும்போதெல்லாம் அதே நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்கும் என்று தெரிந்தது. நட்சத்திரத்துக்குப் பொருள், இந்த நேரத்தை நம்பவேண்டாம் என்பது. டைம் ஆபீஸில் அப்படி ஒரு குறி எங்களிடம் இருந்ததில்லை. இருந்திருந்தால் பல கையெழுத்துகளுக்கு முன்னால் போட்டிருப்பேன்.

பிழைச் செய்தியை நான் முதலில் கேபிள் கோளாறு என்று நினைத்தேன். நேரம் கடந்துவிட்டது என்றால் எதிர்முனையில் யாரோ பதில் சொல்லவில்லை. அப்படியானால் இணைப்பு சரியில்லை. வீட்டு இன்டர்நெட் பெட்டியோடு இணைத்தேன். செய்தி நிற்கவில்லை. வேறு கேபிள் மாற்றினேன். கேபிள் சொருகும் ஓட்டையை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதினேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று பதிவுகளும் "மாற்றமில்லை" என்று முடிகின்றன. எரிச்சல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஷிஃப்ட் மாதிரி, உட்கார்ந்தேன், எழுந்தேன்.

அந்த முகவரிக்கு என்ன பொருள் என்று சனி இரவுதான் தேடிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டில் இருந்தாள். விசிறி இரைச்சலில் அவளால் டிவி கேட்க முடியவில்லை.

"இன்னாய்யா அது, காலைலேர்ந்து கத்திக்கினே கீது?"

"கத்தல. கேக்குது."

"யார கேக்குது?"

"எல்லாரையும். இந்த நம்பருக்கு அக்கம்பக்கத்துல கீற எல்லாரும்னு அர்த்தம். என்னோட செட்டிங்கு யார்கிட்டயாவது கீதானு கேக்குது."

"யார்கிட்டயும் இல்லியா?"

"நம்ம ஊட்ல யார்கிட்ட இருக்கும்?"

"அப்ப கேக்கறத நிறுத்துன்னு சொல்லேன். இல்லாத எடத்துல போயி கேட்டுக்கினே இருந்தா அது இன்னா பண்ணும் பாவம்."

சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள். பிழைச் செய்தி என்றால் எதையோ சரிசெய்யவேண்டும் என்றுதான் நான் இருந்தேன். கேட்பதை நிறுத்தச் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை. அப்படி ஒரு கட்டளை இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. மூன்றே சொல். நோ சர்வீஸ் கான்ஃபிக். தன்னுடைய அமைப்புகளை வெளியே தேடாதே என்று அதற்குப் பொருள். அடித்தேன். சேமி என்று கட்டளை கொடுத்தேன். சேமித்துவிட்டதாகத் திரை சொன்னது. அணைத்துப் போட்டேன்.

மீண்டும் அதே செய்தி. அதே மார்ச் 1.

திரும்பவும் அடித்தேன், சேமித்தேன், அணைத்தேன், போட்டேன். அதற்குத் தினமும் புதிதாகத்தான் விடிந்தது. நேற்று நான் சொன்ன எதுவும் அதற்குத் தெரியவில்லை. சேமித்ததாகவும் சொல்கிறது, சேமித்தது இல்லை என்றும் நடந்துகொள்கிறது. ஆயுத பூஜைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. டெஸ்டில் இதே வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். பயம் வரவில்லை. மரத்துப்போன காலை வேறு யாருடையதோ என்பது போல் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

வழி கிடைத்தது என் பழைய வேலையால்தான். டைம் ஆபீஸில் ஒரு கணக்கு ஒத்துவராவிட்டால், தப்பு எங்கே என்று தேடமாட்டோம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், சரியாக இருக்கும் வரிகள் உட்பட, விரல் வைத்துப் படிப்போம். ரூட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரப் பட்டியல் ஒன்று உண்டு: எந்த மாடல், எவ்வளவு நினைவகம், கடைசியாக எப்படி அணைந்தது. எல்லோரும் மேல் நாலு வரியைத்தான் பார்ப்பார்கள். நான் விரல் வைத்துக் கீழே வந்தேன். கடைசி வரியில் ஓர் எண் இருந்தது. 2142.

பாடங்களில் அங்கே 2102 என்றுதான் பார்த்திருந்தேன். ஒரே ஓர் இலக்கம் வித்தியாசம். தேடிப் படித்தேன். 2102 என்றால், எழுந்ததும் சேமித்துவைத்த அமைப்புகளை எடுத்துப் போட்டுக்கொள். 2142 என்றால், சேமித்தது இருக்கட்டும், அதைப் பார்க்காதே. புதிதாகப் பிறந்தது போல் எழு. பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் உள்ளே நுழைவதற்காக 2142 வைப்பார்கள். நுழைந்த பிறகு பழையபடி மாற்றிவைக்கவேண்டும். யாரோ மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

ஆக, நான் சேமித்ததெல்லாம் உள்ளேதான் இருந்தது. அது பார்க்கவில்லை. பார்க்காததால் தன்னிடம் ஒன்றுமில்லை என்று நினைத்து வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

2102 என்று மாற்றினேன். சேமித்தேன். அணைத்துப் போட்டேன். செய்தி வரவில்லை. விசிறி மட்டும் ஓடியது.

அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் முதல் முறை சேமித்தபோது, அதற்குள் பழைய கம்பெனியின் அமைப்புகள் முழுசாக இருந்திருக்கும். திரையில் ஓடிக்கொண்டிருந்தது வெற்று. நான் அந்த வெற்றைச் சேமித்தேன். அது பழையதின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. எந்த ஓட்டை எந்த இடத்துக்குப் போகிறது, எது கேட், எது அலுவலகம் என்று யாரோ உட்கார்ந்து எழுதிய எல்லாம், நான் ஒருமுறைகூடப் பார்க்காமலே போய்விட்டது. கல்வெட்டைப் படிக்காமல் அதன் மேல் சுண்ணாம்பு அடித்தவர்களைப் பற்றிப் புத்தகங்களில் படித்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஆனா அதுல முன்னாடி இருந்தது போயிடுச்சு."

"யாரோடது?"

"தெரியல. ஏதோ கம்பெனி."

"ஊரு பேரு தெரியாதவன் ஊட்டு சாவுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? சரியாயிடுச்சு இல்ல, ஒரு வாய் காப்பி குடி."

மூஞ்சியைத் தொங்கப் போட்டது அதற்காக இல்லை. அது அப்படியேதான் பல மாதமாக இருந்தது. காப்பி குடித்தேன்.

ஆயுத பூஜை அன்று அவள் அரிவாள்மனை, தையல் மிஷின், என் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். ரூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாமே பண்ற? அதுக்கு சந்தனம் வைக்காத. ஓட்டைல எறங்கிடும்."

"ஓட்டைல வைக்க நான் இன்னா பைத்தியமா? மூடி மேல வக்கிறேன். போன வருசம் வரிக்கும் கம்பெனில பொட்டு வச்சிட்டு வந்த. இந்த வருசம் ஆயுதம்னு ஒனக்கு இது ஒண்ணுதான் கீது."

"நாளைக்கு டெஸ்ட்டு. இன்னிக்கு ஒருவாட்டி பழகிப் பாக்கணும்."

"பூஜைல வச்சத நாளைக்கு எடுக்கறதுதான் மொற. தொடாத. தெரிஞ்சது ஒரு நாள்ல மறக்குமா?"

நான் வாதாடவில்லை. வாதாட, எதையாவது வேண்டுமென்று நினைக்கும் மனசு வேண்டும். எங்கள் கம்பெனியிலும் அதே முறைதான். காலையில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். உருளை மெஷின், கிரேன், கம்ப்யூட்டர், ரூட்டர், எதுவும் மிச்சமில்லை. ஐயர் வந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போனால், மறுநாள் மறுபூஜை முடிந்துதான் ஸ்விட்ச். வருடத்தில் அந்த ரூட்டர் அணைவது அந்த ஒரு நாள்தான். மற்ற நாள் மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த விவரத்தை அன்று நான் பெரிதாக நினைக்கவில்லை. பொரி சாப்பிட்டேன். நெற்றியில் பொட்டோடு அது சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலை பஸ் நேரத்துக்கு வந்தது. மழை இல்லை. அந்தக் கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சாலையோரம் ஒதுக்கிக் கிடந்தது. எடைமேடைக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி என் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். உள்ளே வரும் தொழிலாளர்களும் அதே தாளில்தான் கையெழுத்துப் போட்டார்கள். விரல் வைக்கும் மெஷின் பக்கத்தில் சந்தனப் பொட்டோடு இருட்டாக இருந்தது. மறுபூஜை இன்னும் முடியவில்லை போல என்று நினைத்தேன்.

விலகப்போகும் நெட்வொர்க்காரர் என்னை அழைத்துப் போனார். முப்பது வயதிருக்கும். சட்டை முதுகில் ஈரமாக இருந்தது. ஏ.சி. அறை அது.

"வாங்க சார். டெஸ்ட்டு இதான். இத எழுப்பிக் காட்டுங்க. அவசரம் ஒண்ணுமில்ல, பொறுமையா பாருங்க."

அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்து சத்தத்தை நிறுத்தினார். உட்காரவில்லை.

ரூட்டர் ரேக்கில் இருந்தது. வீட்டில் இருப்பதைவிடப் புதிய மாடல். மூடி மேல் சந்தனம் இன்னும் காயவில்லை. லேப்டாப் ஏற்கெனவே மாட்டியிருந்தது. திரையைப் பார்த்தேன். கோப்பைத் திறக்க முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது. 255.255.255.255.

"எவ்ளோ நேரமா இப்படி வருது?" என்று கேட்டேன்.

"அது... டெஸ்ட்டுக்காக வச்சது சார். வரும்."

விவரப் பட்டியலைக் கேட்டேன். விரல் வைத்துக் கடைசி வரிக்கு வந்தேன். 2142.

"இதோட செட்டிங்குக்கு வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லைனு வச்சிக்கோங்க."

"சரி."

"சார், நீங்க, அது கேக்கறத நிறுத்தற கமாண்ட போட்டுட்டு சேவ் பண்ணிடுங்களேன். மொதல்ல மெசேஜ் நிக்கட்டும். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்." கையை விசைப்பலகைக்கு நீட்டினார்.

"சேவ் பண்ணா போயிடும்."

"இன்னாது போயிடும்?"

"இப்ப ஓடறது காலி. உள்ள இருக்கறது நெறஞ்சது. காலிய சேவ் பண்ணா நெறஞ்சது மேல போயி உக்காந்துக்கும். எங்க ஊட்ல ஒருவாட்டி உக்காந்துக்கிச்சு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

முதலில், சேமித்து வைத்தது உள்ளே இருக்கிறதா என்று ரூட்டரைக் காட்டச் சொன்னேன். இருந்தது. வரிகள் ஓடின. ஒவ்வொரு ஓட்டைக்கும் யாரோ பெயர் கொடுத்திருந்தார்கள். கேட். எடைமேடை. சரக்கு அனுப்பும் பிரிவு. டைம் ஆபீஸ். அந்தக் கடைசிப் பெயரை இரண்டு முறை படித்தேன். அதற்கு மேல் அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேமித்திருந்ததை, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வெற்றுக்குள் கொண்டுவந்தேன். இப்படிக் கொண்டுவந்தால் ஓட்டைகள் எல்லாம் மூடியபடியே இருக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திறக்கவேண்டும். திறந்தேன். பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2102 வைத்தேன். அதன் பிறகே சேமித்தேன்.

"அணைச்சிப் போடலாம்," என்றேன்.

"வேணாம் சார்! அதான் வந்துடுச்சே."

"போட்டுப் பாத்தாதான தெரியும். இல்லனா அடுத்த ஆயுத பூஜைல திரும்பி இதான் வரும்."

அதைச் சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. இவர்களும் வருடத்துக்கு ஒருமுறைதான் அணைப்பார்கள். யாரோ எப்போதோ 2142 வைத்துவிட்டு மறந்திருந்தால், அது தை மாதமாக இருக்கலாம், ஆனியாக இருக்கலாம், ஓடும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. சந்தனம் வைப்பதற்காக அணைத்தால் மறுநாள் காலை எதுவும் நினைவில்லாமல் எழும்.

அணைத்துப் போட்டோம். அது எழுந்து முடியும் வரை அவர் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. செய்தி வரவில்லை. விளக்குகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு லாரி கிளம்பும் சத்தம் கேட்டது; பின்னால் இன்னொன்று. ஃபோன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தார்.

"ஆங் சார்... முடிஞ்சிச்சு சார். இல்ல சார், கேண்டிடேட்டுக்கு டெஸ்ட்டு எடுத்துக்கினு இருந்தேன், அதான் லேட்டு... ஆமா சார், டெஸ்ட்டுதான்... பாஸ் சார், பாஸ்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "திங்கக்கிழம ஜாயின் பண்ணிக்கோங்க சார். முதலாளி சொல்லிட்டாரு." பொரியும் சுண்டலும் போட்ட ஒரு பொட்டலம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்பில் இருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கெடச்சிச்சா? மூஞ்சப் பாத்தா இருந்த வேலையும் போன மாதிரி கீது."

"கெடச்சிச்சு. திங்கக்கிழம."

அடுப்பை அணைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து, "சட்டய கழட்டிப் போடு, துவைக்கணும். திங்கக்கிழமைக்கு வேணும்," என்றாள். நான் கழற்றிக் கொடுத்தேன். அவள் சந்தோஷப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்பது போலத் தெரிந்தது.

அந்தக் கம்பெனியில்தான் இப்போது வேலை பார்க்கிறேன். சேர்ந்த வாரத்திலேயே ரூட்டரின் அமைப்புகளுக்கு இரண்டு காப்பி எடுத்து வைத்தேன். நெட்வொர்க்காரர் தீபாவளிக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். போகும் நாளில் அவரிடம் கேட்டேன்.

"அன்னிக்கு அது நெஜமாவே டெஸ்ட்டா, இல்ல பூஜைக்கு அணைச்சிட்டு எழுப்ப முடியாம நின்னுக்கினு இருந்தீங்களா?"

"பாஸ் ஆயிட்டீங்க இல்ல சார். அப்பறம் இன்னா பேஜாரு ஒங்களுக்கு?" சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கினார்.

என்னால் முடிந்த அளவு விசாரித்தேன். அன்று காலை வருகை கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விஜயதசமி அன்றும் அப்படித்தான், மறுபூஜை முடிய நேரமாகும் என்கிறார் காவலாளி. லாரிகள் நின்றதைக் கேட்டால், பூஜைக்கு மறுநாள் எந்தக் கம்பெனியில்தான் நிற்காது என்கிறார்கள். 2142 என்று மாற்றியது யார், எப்போது என்பதற்குப் பெட்டிக்குள் தடயம் இல்லை. அணைந்தபோது அந்தக் குறிப்புகளும் அழிந்துவிட்டன. எனக்கு வைத்த டெஸ்டாகத் திட்டமிட்டு வைத்ததா, யாரோ மறந்துவிட்ட எண்ணா என்பது இதை எழுதும் வரை உறுதி செய்யப்படவில்லை.